பெட்ஷீட் அலமாரியை நாமே அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்ஷீட், துண்டு, தலையணை உறை, விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்த ஜமக்காளம் எல்லாம் கட்டிலடியிலும் பரணிலுமாகக் கிடக்கும் வீட்டில், சும்மா இருக்கும் சுவர்க்குழிக்குள் பலகை அடித்து அலமாரி ஆக்குவது நல்ல யோசனைதான். ரம்பம் பிடிக்கத் தெரியாமல் கெட்ட அலமாரிகளைவிட, சுவரைப் பார்க்காமல் பலகை வாங்கிக் கெட்டவையே அதிகம்.

குழியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கிறதா? அப்படியானால் ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, 2 நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. கசிவை அடைக்காமல் பெயின்ட் அடித்து, பின்பலகை வைத்து மறைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. ஒரு மழைக்காலம் போதும், துணியெல்லாம் மக்கின வாடை அடிக்கும், கரையானுக்கும் கொண்டாட்டம். காய்ந்த சுவராக இருந்தாலும் பின்பலகையை ஒட்டி அடிக்காமல் அரை அங்குலம் காற்றோட விடுங்கள்.

அகலத்தை ஓரிடத்தில் மட்டும் அளந்து பலகை வெட்டாதீர்கள். மேலே, நடுவே, கீழே அளந்து, இருப்பதில் குறைந்த அளவை எடுங்கள். மிச்ச இடைவெளியை பீடிங் (ஓரத்தில் அடிக்கும் மெல்லிய மரச்சட்டம்) மறைத்துவிடும்.

விலை மலிவென்று, மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டு வாங்கினால், வீடு துடைக்கும் தண்ணீர் பட்டே ஓரம் ஊதிப்போகும். ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) பிளைவுட் போதும், பாத்ரூமை ஒட்டிய சுவரென்றால் ஐ.எஸ். 710 மரைன் பிளை. எதுவானாலும் அடித்தட்டைத் தரையிலிருந்து 4 அங்குலமாவது தூக்கி வையுங்கள்.

அப்புறம் தட்டின் நீளம். நான்கடிக் குழியில் கோடிக்குக் கோடி ஒரே பலகை போட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். சென்னிமலைப் போர்வைகளை நெருக்கி அடுக்கினால் நடுப்பகுதி மெல்லத் தொய்யும். அடிக்கு இத்தனை கிலோ என்று பாரம் சீராக இருக்கும்போது, தாங்கலில்லாத நீளம் இரு மடங்கானால் தொய்வு 16 மடங்காகும். அதனால் 18 மி.மீ. பலகையிலும் இரண்டு, இரண்டரை அடிக்கு ஒரு நிறுத்துப்பலகை கொடுங்கள். முன் ஓரத்தில் ஒரு ரீப்பர் சட்டம் அடித்தால் இன்னும் உறுதி.

ஆழத்தில் பலர் தாராளம் காட்டுகிறார்கள். 24 அங்குலம் ஹேங்கரில் சட்டை தொங்கவிடத்தான் வேண்டும். மடித்த பெட்ஷீட்டுக்கு 16 போதும். அதற்கு மேல் போனால் பின்வரிசையில் இருப்பது தீபாவளிக்குத்தான் கண்ணில் படும்.

வெறும் பிளைவுட்மேல் வெள்ளைத் துணி வைத்தால் நாளாவட்டத்தில் பழுப்புக் கறை ஏறும். உள்ளேயும் மைக்கா ஒட்டுங்கள். கதவின் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கதவே வளைந்துவிடும்.

கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் உள்ளே வைப்பதும் தவறு. கஞ்சியின் மாவுச்சத்தைத் தின்னத்தான் ராமபாணப் பூச்சி வருகிறது. அதற்காக அந்துருண்டையை அள்ளிப் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கைக்குழந்தையின் துணியும் விரிப்பும் இருக்கும் தட்டில் அது கூடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீனால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். காய்ந்த வேப்பிலையை மெல்லிய துணியில் முடிந்து வைக்கலாம். துணிகளை அவ்வப்போது வெயிலில் காயவைப்பது அதைவிட நல்லது.