கோக்கு பறப்பான், நீங்கள் பறக்காதீர்கள்

சென்ற கோடை விடுமுறையில் அக்கா மகன் பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கினான். கோக்கு என்னும் வீரனை நாயகனாகக் கொண்ட டிராகன் பால் என்ற ஜப்பானிய கார்ட்டூன் தொடரை முழுவதும் பார்த்தவன். யார் யாரை எந்தக் கோளில் அடித்தார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். வந்த அன்றே டிராகன் பால் ஃபைட்டர்ஸ் விளையாட்டைப் போடச் சொல்லி உட்கார்ந்தான். நான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அரை மணி நேரத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நான் எப்படித் தோற்றேனோ, அப்படியே, அதே வரிசையில், அவனும் தோற்றுக்கொண்டிருந்தான்.

ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் உருவாக்கி, பண்டாய் நாம்கோ 2018 ஜனவரியில் வெளியிட்ட சண்டை விளையாட்டு இது. ஒவ்வொருவருக்கும் மூன்று வீரர்கள். ஒருவர் களத்தில், மற்ற இருவர் அசிஸ்ட்டுக்கு, அதாவது அழைத்ததும் வந்து ஓர் அடி அடித்து உதவுவதற்கு, காத்திருப்பார்கள். அசிஸ்ட் பொத்தான் ஒன்று இருப்பதையே மறந்துவிடுவது, கீ என்னும் சக்தியைக் காட்டும் பட்டை நிறைந்தும் சூப்பர் என்னும் பேரடியை அடிக்காமல் நிற்பது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை. அவை ஒரு வாரத்தில் தாமாகவே சரியாகிவிடும். சரியாகாதவையும் இருக்கின்றன.

சூப்பர் டேஷ் என்னும் வியாதி

பொத்தான் ஒன்றுதான். அழுத்தினால் உங்கள் வீரர் ஒளி சூழப் பறந்து, எதிரி திரையின் எந்த மூலையில் இருந்தாலும் தேடிப் போய் முட்டுவார். குறி பார்க்க வேண்டியதில்லை, தூரம் கணக்கிட வேண்டியதில்லை. எதிரி எறியும் சிறிய கீ குண்டுகளையும் ஊடுருவிச் செல்வார். தொடரில் பார்த்ததெல்லாம் கையில் கிடைத்தது போல இருக்கும். புதிதாக வருபவர் கையை அதிலிருந்து எடுக்கவே மாட்டார்.

எடுக்கத்தான் வேண்டும். ஏனென்றால் இந்த விளையாட்டில் உள்ள எல்லா வீரர்களுக்கும், விதிவிலக்கே இல்லாமல், கீழ்த்திசையோடு ஹெவி (பலமான அடி) பொத்தானை அழுத்தினால் மேல்நோக்கிப் பாயும் ஓர் அடி உண்டு. அது பாயும் நொடியில் வானத்திலிருந்து வரும் அடி அவரைத் தொடாது. நீங்கள் நேர்க்கோட்டில், எல்லோருக்கும் தெரிந்த வேகத்தில், ஒளி விட்டுக்கொண்டு பறந்து வருகிறீர்கள். எதிரி குனிந்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நீங்கள் மேலே தூக்கி எறியப்படுவீர்கள். பிறகு அவருடைய காம்போ, அதாவது இடைவிடாத அடித்தொடர், முடியும் வரை கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வரலாம். எங்கள் ஆட்ட அறையில் சுமாராக ஆடுகிற ஒருவரிடமே 10,000 புள்ளி உயிரில் 4,000 வரை ஒரே மூச்சில் இழந்திருக்கிறேன்.

ஒரு மாலையில் தொடர்ந்து பதினோரு ஆட்டம் தோற்றேன். எதிரி ஏமாற்றுகிறார், இணைய வேகம் சரியில்லை, கட்டுப்பாட்டுக் கருவி பழுது என்று எல்லாவற்றையும் குற்றம் சொன்னேன். இரவில் ரீப்ளேயைப் போட்டு, பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு எண்ணினேன். ஒரே ஆட்டத்தில் இருபத்துமூன்று சூப்பர் டேஷ். பதினான்கு தடுக்கப்பட்டன. ஒன்பதில் குனிந்த ஹெவி வாங்கியிருந்தேன். கடைசி ஒன்றில் எதிரிக்கு நகக்கண் அளவே உயிர் மிச்சம். லேசாக ஓர் உதை போதும். நானோ திரையின் மறுகோடியிலிருந்து பறந்து போய் அந்தக் கையில் என் முகத்தை வைத்திருக்கிறேன். அந்தத் தாள் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது தோல்வி அல்ல. “எல்லோரும் இப்படித்தானே ஆடுகிறார்கள்” என்று புதியவர்கள் சொல்வதுதான். நன்றாக ஆடுபவர்களும் சூப்பர் டேஷ் செய்கிறார்கள், உண்மை. ஆனால் காம்போவின் நடுவே, எதிரி ஏற்கெனவே அடிவாங்கிப் பறந்துகொண்டிருக்கும்போது செய்கிறார்கள். அல்லது முதலில் அசிஸ்ட்டை அழைத்து, எதிரி அதைத் தடுத்துக்கொண்டு கை கட்டப்பட்டு நிற்கும்போது பின்னாலேயே பறக்கிறார்கள். அல்லது எதிரி தொலைவிலிருந்து கீ குண்டு எறியத் தொடங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பறக்கிறார்கள். குண்டைத்தான் ஊடுருவ முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். கமேஹமேஹா போன்ற ஒளிக்கற்றைக்குள் பறந்தால் கருகித்தான் திரும்புவீர்கள்.

அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது, “கோக்கு பயந்து நிற்க மாட்டார், மாமா” என்றான். தொடரில் நிற்க மாட்டார்தான். அங்கே எதிரி கீழ்த்திசைப் பொத்தான் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. கடைசியில் ஒரு வேலை செய்தேன். பயிற்சி அறையில் பொம்மையை நடக்கவும் குதிக்கவும் நடுவில் திடீரென்று சூப்பர் டேஷ் செய்யவும் வைத்துப் பதிவு செய்து ஓடவிட்டேன். அவன் வேலை ஒன்றே ஒன்று: அது பறந்து வரும்போது மட்டும் குனிந்து ஹெவி அடிக்க வேண்டும். இருபது நிமிடத்தில் பத்துக்கு எட்டு முறை அடித்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். “இவ்வளவு சுலபமாகவா என்னை அடித்தார்கள்?” என்றான். அன்று மாலையே அவனுடைய சூப்பர் டேஷ் பாதியாகக் குறைந்தது.

அதற்கு நேர் எதிரான தவறு

இந்த வித்தை கைவந்ததும் எதற்கெடுத்தாலும் குனிந்து ஹெவி அடிப்பார்கள். அது காற்றில் போனாலோ தடுக்கப்பட்டாலோ நீங்கள் கையை உயர்த்தியபடி அசடாக நிற்பீர்கள். எதிரி நிதானமாக வந்து அடிப்பார்.

தடுத்த கையோடு அடிப்பது

எதிரியின் அடியைத் தடுத்ததும் “இப்போது என் முறை” என்று விரல் துடிக்கும். பெரும்பாலும் உங்கள் முறை இன்னும் வந்திருக்காது. அவருடைய அசிஸ்ட் வழியில் இருக்கும். அதன் மேலேயே லைட் (லேசான அடி) பொத்தானைத் தட்டி வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். சண்டை விளையாட்டுகளுக்கான ஈவோ போட்டியில் 2019இல் பட்டம் வென்ற ஜப்பானிய வீரர் கோ1 தடுப்புக்குப் பேர்போனவர். அவருடைய ஆட்டங்களில் அடிக்கும் காட்சிகளை விட்டுவிடுங்கள்; மூலையில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் எதுவுமே செய்யாமல் தடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள். மூச்சு முட்டினால் பின்திசையோடு ஸ்பெஷல் பொத்தானை அழுத்தித் தள்ளிவிடலாம். ஒரு கீ பட்டை செலவழித்து, தடுக்கும் நிலையிலிருந்தே கூட்டாளியை உள்ளே இறக்கலாம். இரண்டுமே லைட்டைத் தட்டுவதைவிடப் புத்திசாலித்தனம்.

அடி வாங்கிக் களைத்த வீரரை மாற்ற, எந்த மறைவும் இல்லாமல் கூட்டாளியை உள்ளே அழைப்பதும் இந்த வகைதான். அவர் வானத்திலிருந்து வருவார். கீழே குனிந்த ஹெவி காத்திருக்கும்.

ஸ்பார்க்கிங்கைப் பெட்டியில் பூட்டுவது

ஸ்பார்க்கிங் என்பது உங்கள் வீரரின் பலத்தைக் கொஞ்ச நேரம் கூட்டும் வசதி; ஓர் ஆட்டத்துக்கு ஒரே முறை. அடியின் வலு கூடும், கீ வேகமாக ஏறும், உயிர்ப்பட்டையில் நீலமாகத் தெரியும் பகுதி மீண்டு வரும். மூவரும் உயிரோடு இருக்கையில் சிறிது நேரமே நீடிக்கும். ஒருவர் மட்டும் மிஞ்சினால் அதிக நேரம். இந்தக் கடைசி விவரத்தை எங்கோ படித்துவிட்டு, கடைசி ஆள் வரும் வரை தொடமாட்டேன் என்று வைத்திருப்பார்கள். கடைசி ஆள் வருவார், ஒரே காம்போவில் போவார், ஸ்பார்க்கிங் அப்படியே இருக்கும். நான் இப்படிச் சாகடித்த ஆட்டங்களுக்குக் கணக்கு வைக்கவில்லை. வைத்திருந்தால் இழுப்பறையில் இன்னொரு தாள் சேர்ந்திருக்கும். இரண்டு பேர் இருக்கும்போதே எதிரியின் முக்கிய வீரரை ஒரே காம்போவில் முடிக்க முடியுமென்றால் எடுத்துவிடுங்கள்.

ஏழு பந்துகளைத் துரத்துவது

ஏழு டிராகன் பந்துகளும் சேர்ந்தால் வந்து வரம் கொடுக்கும் டிராகன்தான் ஷென்ரான். வந்தால் வரட்டும். நீங்கள் தேடிப் போகாதீர்கள்.

ஐந்து கோக்குவையும் வாங்குவது

அடிப்படை ஆட்டத்திலேயே 24 வீரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் மூவரை இரண்டு மாதம் ஆடிவிட்டுப் பிறகு கூடுதல் வீரர்களுக்காகப் பணப்பையைத் திறக்கலாம். 2020 முதல் ஒவ்வொருவருக்கும் மூன்று அசிஸ்ட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், இருக்கும் மூவரிலேயே கற்க நிறைய இருக்கிறது. நான் விடுபட்ட எல்லோரையும் ஒரே இரவில் வாங்கினேன். பாதிப் பேரை இன்னும் தொட்டதில்லை.

நாடக முடிவுக்கு ஆசைப்படுவது

நாமெக் கோள் களத்தில் கோக்குவும் தொடரின் வில்லன் ஃப்ரீசாவும் மோதி, கடைசி அடி ஹெவியாக விழுந்தால் தொடரின் காட்சி அப்படியே விரியும். அழகுதான், மறுக்கவில்லை. அந்த அழகுக்காகக் கைக்கெட்டிய வெற்றியை விட்டுவிட்டு, சரியான ஹெவிக்காக எதிரியைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அக்கா மகன் ஊருக்குக் கிளம்பும் முன் ஆடிய கடைசி ஆட்டத்தில் அதைத்தான் செய்தான். ஃப்ரீசாவாக ஆடியது நான். அவன் ஹெவிக்கு நெருங்கிய நேரத்தில் நான் குனிந்து காத்திருந்தேன். அவன் பொறுமையிழந்து பறந்தான்.