லிவிங் வில்: மருத்துவக் குழு நிராகரிக்காதபடி எழுதுவது எப்படி

லிவிங் வில் என்பது, நாமே முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணம். இந்தியாவில் சட்டம் எதை அனுமதிக்கிறது என்பதில் தெளிவு வந்த பிறகே பேனாவை எடுங்கள். மருத்துவரே ஊசி போட்டு உயிரை முடிப்பது கொலை தொடர்பான பிரிவுகளில் வரும். நோயாளி தானே சாக மருந்து கொடுத்து உதவினால் இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 108ஆம் பிரிவு, அதாவது தற்கொலைக்குத் தூண்டிய குற்றம், பாயும், பத்தாண்டுவரை சிறை. நெதர்லாந்திலும் கனடாவிலும் இவை நிபந்தனைகளோடு சட்டபூர்வம். இங்கே அப்படி ஒரு கோரிக்கையை எழுதிவைத்தால் அந்த வரி செல்லாது. ஆவணம் முழுவதன்மீதும் சந்தேகம் விழவும் அது வழிசெய்யும்.

அனுமதி இருப்பது வேறொன்றுக்கு. குணமாக வாய்ப்பில்லாத நிலையில், உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சையைத் தொடங்காமல் இருக்கலாம், தொடங்கியதை நிறுத்தலாம். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, கண்ணியமான இறப்பும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு (உயிர்வாழும் உரிமை) தரும் உரிமையே என்று சொல்லி, இதற்கான முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தலை, அதாவது லிவிங் வில்லை, ஏற்றுக்கொண்டது. நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று அதை எளிமையாக்கியது. பழைய முறையில் குற்றவியல் நடுவர் முன் கையெழுத்திட வேண்டும். இணையத்தில் சுற்றும் பல மாதிரிப் படிவங்கள் இன்னும் அந்தக் காலத்திலேயே நிற்கின்றன. அவற்றை நம்ப வேண்டாம்.

பெரும்பாலான ஆவணங்கள் கோட்டைவிடுவது வாசகத்தில்தான். “எனக்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம், நிம்மதியாகப் போக விடுங்கள்” என்று எழுதினால் மருத்துவர் எதைச் செய்வார்? நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக்கும் வேண்டாமா? விபத்தில் அடிபட்டால் நான்கு நாள் வென்டிலேட்டர்கூடக் கூடாதா? தெளிவில்லாத அறிவுறுத்தலை மருத்துவக் குழு செயல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பே சொல்கிறது. ஆகவே ஒவ்வொரு வரியிலும் நிலை, சிகிச்சை, விதிவிலக்கு மூன்றும் இருக்கட்டும். இப்படி:

“என் நோய் இறுதிக்கட்டத்தில் இருந்து, குணமாக வாய்ப்பில்லை என்று மருத்துவக் குழு முடிவு செய்து, நானே முடிவெடுக்கும் திறனையும் இழந்திருந்தால், வென்டிலேட்டர், டயாலிசிஸ், இதயம் நின்றபின் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முயற்சி ஆகியவை வேண்டாம், தொடங்கியிருந்தால் நிறுத்தவும். வலி, மூச்சுத்திணறலுக்கான மருந்துகளைத் தேவையான அளவில் கட்டாயம் தொடரவும்.”

மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டோ உணவு செலுத்தும் குழாய் பற்றித் தனி வரி எழுதுங்கள். குடும்பங்கள் சண்டையிடுவது பெரும்பாலும் இதில்தான். “சோறு தண்ணி இல்லாம எப்படி விடுறது” என்ற கேள்விக்கு எந்த மருத்துவராலும் வீட்டாரிடம் பதில் சொல்லி மாளாது. வலிநிவாரண வரியையும் விட்டுவிடாதீர்கள். வலியைக் குறைக்கத் தேவையான அளவில் மார்ஃபின் கொடுப்பது உயிரை எடுப்பது ஆகாது. நோக்கமும் அளவும்தான் வேறுபாடு. தொடங்காமல் விடுவதும் தொடங்கியதை நிறுத்துவதும் மருத்துவ அறத்தில் ஒன்றே என்றாலும், நிறுத்துவதற்குக் கைகள் நடுங்கும். அதனால்தான் “நிறுத்தவும்” என்ற சொல் ஆவணத்தில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

அடுத்து, உங்களுக்காகப் பேச வேண்டியவர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பாதுகாவலர் அல்லது நெருங்கிய உறவினரைக் குறிப்பிடலாம். பாசம் அதிகமுள்ளவரைவிட, ஐசியூ வாசலில் நின்று நீங்கள் சொன்னதைச் சொல்லும் துணிச்சல் உள்ளவரே பொருத்தம். அவரிடம் முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பிறகு கையெழுத்து. பதினெட்டு வயது நிறைந்து, தெளிந்த மனநிலையில், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடம் சான்றொப்பம் வாங்க வேண்டும். சொத்தில் பங்குள்ளவரைச் சாட்சியாக்காதீர்கள். சட்டம் தடுக்கவில்லை, ஆனால் பிற்பாடு வரும் முதல் சந்தேகம் அதுவாகவே இருக்கும். முத்திரைத்தாளோ பதிவோ வேண்டும் என்று வழிகாட்டுதலில் இல்லை.

நகல்கள் பெயர் குறிப்பிட்டவர்களுக்கும், இருந்தால் குடும்ப மருத்துவருக்கும், மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் உரிய அலுவலருக்கும் போக வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்தில் “அப்படி ஒன்று கேள்விப்பட்டதே இல்லை” என்று திருப்பி அனுப்பினால், பட்டுவாடா சான்று கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பீரோவுக்குள் பூட்டிய ஒற்றைப் பிரதியால் யாருக்கும் பயனில்லை. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். இரண்டு ஆவணங்கள் இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும்.

மருத்துவமனையில் நடப்பதும் தெரிந்திருக்க வேண்டும். சிகிச்சை தரும் மருத்துவரும், ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களாவதும் கொண்ட முதல்நிலைக் குழு, கூடுமானவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்லும். அதை, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு மருத்துவரும் முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்களாவதும் சேர்ந்த இரண்டாம்நிலைக் குழு ஆராயும். அதற்கும் 48 மணி நேரமே. ஆவணத்தில் பெயருள்ளவர்களின் ஒப்புதலும் வேண்டும். பிறகு குற்றவியல் நடுவருக்குத் தகவல் தந்துவிட்டுச் சிகிச்சையை நிறுத்துவார்கள். அது தகவல் மட்டுமே, அவரது அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாம் குழு அமைக்கச் சொல்லி மருத்துவமனைக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள். வாய்மொழிக் கோரிக்கை ஷிப்ட் மாறும்போது காணாமல் போகும். குழு மறுத்தால் அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். அப்போது முதலில் கையில் இருக்க வேண்டியவை ஆவணத்தின் நகலும் அந்தக் கடிதமும்தான்.