ஓப்பன்டெலிமெட்ரி: பைத்தான் செயலியில் டிரேஸிங்கை முறையாகச் சேர்ப்பது எப்படி

ஒரு செயலி பல சேவைகளாகப் பிரிந்து இயங்கும்போது, குறிப்பிட்ட ஒரு கோரிக்கை ஏன் தாமதமானது என்பதை லாக் கோப்புகளை மட்டும் வைத்துக் கண்டறிவது கடினம். ஒவ்வொரு சேவையும் தன் பங்கை மட்டுமே எழுதி வைக்கிறது. இவையெல்லாம் ஒரே கோரிக்கைக்கு உரியவை என்று இணைத்துக் காட்ட அங்கே எதுவும் இல்லை. அந்த இணைப்பைத் தருவதே ஓப்பன்டெலிமெட்ரியின் முதன்மையான பயன். ஓப்பன்டிரேஸிங், ஓப்பன்சென்சஸ் என்று தனித்தனியே வளர்ந்த இரண்டு திட்டங்களை 2019இல் ஒன்றாக்கி உருவாக்கப்பட்ட இந்தத் திறந்த மூலத் திட்டம், டிரேஸ் (ஒரு கோரிக்கை கடந்து வந்த பாதை), மெட்ரிக் (எண்ணளவுகள்), லாக் (நிகழ்வுப் பதிவுகள்) ஆகிய மூன்று வகைத் தரவுகளையும் திரட்டி அனுப்புகிறது. ஆனால் எதையும் சேமிப்பதோ திரையில் காட்டுவதோ இதன் வேலை அன்று. அதற்கு யேகர், புரோமிதியஸ் போன்ற வேறு மென்பொருள்கள் தேவை. மூன்றில் டிரேஸிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

தொடங்கும் முன் ஒரு பிரிவினையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓப்பன்டெலிமெட்ரி, நிரலில் அழைக்கும் கட்டளைகளான ஏபிஐ என்றும், அவற்றை உண்மையில் செயல்படுத்தும் எஸ்டிகே என்றும் இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஏபிஐ மட்டும் இருந்தால் ஸ்பான் (டிரேஸில் ஒரு தனி வேலையைக் குறிக்கும் பகுதி) உருவாக்கும் கட்டளைகள் பிழையின்றி ஓடும், ஆனால் எதையும் பதிவு செய்யாது. எஸ்டிகேயைச் சேர்த்து அமைத்த பிறகே தரவு பிறக்கிறது. எனவே பிறர் பயன்படுத்துவதற்கான நூலகத்தை எழுதுபவர் ஏபிஐயை மட்டும் சார்ந்திருக்க வேண்டும்; எஸ்டிகேயை எப்படி அமைப்பது என்பதை இறுதிச் செயலியை இயக்குபவரிடம் விட்டுவிட வேண்டும்.

முதலில், டிரேஸைப் பார்ப்பதற்கு யேகரின் ‘ஆல்-இன்-ஒன்’ கன்டெய்னரை உங்கள் கணினியில் இயக்குங்கள். ஓப்பன்டெலிமெட்ரியின் தரவு அனுப்பும் நெறிமுறையான ஓடிஎல்பியில் வரும் தரவை ஜிஆர்பிசி (தொலைநிலை அழைப்பு முறை) வழியாகப் பெற 4317, எச்டிடிபி வழியாகப் பெற 4318, உலாவியில் பார்க்க 16686 ஆகிய மூன்று போர்ட்டுகளையும் திறந்து வைக்க வேண்டும். அடுத்து, செயலியின் மெய்நிகர்ச் சூழலில் ஓப்பன்டெலிமெட்ரியின் ‘டிஸ்ட்ரோ’ தொகுப்பையும் தரவை வெளியே அனுப்பும் ஓடிஎல்பி எக்ஸ்போர்ட்டர் தொகுப்பையும் பிப் மூலம் நிறுவி, ‘பூட்ஸ்ட்ராப்’ கட்டளையை அதன் நிறுவும் தேர்வுடன் ஓட்டுங்கள். நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் பிளாஸ்க், ரிக்வெஸ்ட்ஸ் போன்ற நூலகங்களை அது கண்டறிந்து, அவற்றின் வேலைகளை ஸ்பான்களாகப் பதிவு செய்யும் கருவித் தொகுப்புகளைத் தானே நிறுவிவிடும். பின்னர் சேவையின் பெயரைச் சூழல் மாறியில் கொடுத்து, வழக்கமான பைத்தான் கட்டளைக்கு முன்னால் ‘ஓப்பன்டெலிமெட்ரி-இன்ஸ்ட்ருமென்ட்’ என்ற கட்டளையைச் சேர்த்துச் செயலியைத் தொடங்கினால் போதும். பெயரைக் கொடுக்கத் தவறினால் எல்லாச் சேவைகளும் ‘அன்னோன்_சர்வீஸ்’ என்றே தொடங்கும் பெயரில் குவிந்து, பிரித்தறிய முடியாமல் போகும். யேகர் மெட்ரிக்கை ஏற்காது என்பதால் முனையத்தில் பிழைச் செய்திகள் வரக்கூடும்; மெட்ரிக், லாக் இரண்டின் எக்ஸ்போர்ட்டர் மாறிகளையும் ‘நன்’ (none) என்று வைத்தால் அவை நின்றுவிடும்.

இவ்வளவில், கோரிக்கை உள்ளே வந்ததும் தரவுத்தளத்திற்குச் சென்றதும் ஸ்பான்களாகத் தெரியும். இடையில் உங்கள் நிரல் என்ன செய்தது என்பது மட்டும் தெரியாது. அதை நீங்களே எழுத வேண்டும். எல்லாச் செயல்கூறுகளையும் ஸ்பானாக்கும் ஆசையை இங்கே அடக்கிக்கொள்வது நல்லது. நேரம் எடுக்கக்கூடிய, தோல்வியடையக்கூடிய, தனியாகப் பெயர் சொல்லத்தக்க வேலைகளுக்கு மட்டும் ஸ்பான் போதும். பெயரில் மாறும் மதிப்புகள் இடம்பெறக் கூடாது: ‘ஆர்டரைச் சரிபார்’ என்பது பெயர், ஆர்டரின் எண் என்பது பண்பு (ஸ்பானுடன் இணைக்கும் கூடுதல் தகவல்). எண்ணைப் பெயரிலேயே சேர்த்தால் ஒவ்வொரு கோரிக்கையும் தனி வகையாகிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க வழியிராது. நடப்பு ஸ்பானாகத் தொடங்கும் கட்டளையை ‘வித்’ தொகுதியில் பயன்படுத்தினால், அதிலிருந்து வெளியேறும் விதிவிலக்கு தானாகவே பதிவாகி, ஸ்பானின் நிலையும் பிழை என்று குறிக்கப்படும். விதிவிலக்கை நீங்களே உள்ளே பிடித்துக்கொண்டால் அந்தப் பொறுப்பும் உங்களுடையதாகிறது. மறைத்துப் பிடிக்கப்பட்ட பிழைகளால் பிழையே இல்லாததுபோலத் தெரியும் டிரேஸ்கள் மிகவும் ஏமாற்றக்கூடியவை.

நடைமுறையில் பெரும்பாலான சிக்கல்கள் எழுவது சூழலை, அதாவது எந்த டிரேஸின் எந்த ஸ்பான் என்ற தகவலை, அடுத்த சேவைக்குக் கடத்தும் இடத்தில்தான். ஒரு சேவை மற்றொன்றை அழைக்கும்போது, இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி வகுத்த ‘டிரேஸ்பேரன்ட்’ என்ற ஹெடர் உடன் செல்கிறது. அதில் பதிப்பு எண், 32 பதினாறடிமான இலக்கங்கள் கொண்ட டிரேஸ் அடையாளம், 16 இலக்கங்கள் கொண்ட தாய் ஸ்பானின் அடையாளம், பதிவுக்கான மாதிரியில் அந்த டிரேஸ் சேர்க்கப்பட்டதா என்பதைச் சொல்லும் குறி ஆகியவை இருக்கும். இடையில் உள்ள ஒரு பிராக்சி இந்த ஹெடரை நீக்கிவிட்டால், அல்லது கருவி இணைக்கப்படாத ஒரு நூலகத்தின் வழியாக அழைப்பு சென்றால், ஒன்றாக இருக்க வேண்டிய டிரேஸ் இரண்டாக அறுந்துபோகும். யேகரில் இரண்டாவது சேவையின் ஸ்பான் தாயில்லாமல் தனியே தொடங்குவதே இதன் அடையாளம்; அப்போது அந்தச் சேவைக்கு வந்த ஹெடர்களை அச்சிட்டுப் பார்த்தால் குறை எந்தப் பக்கம் என்பது தெளிவாகும். செய்தி வரிசைகளில், கருவித் தொகுப்பு இல்லாத இடத்தில், அனுப்பும் பக்கம் ‘இன்ஜெக்ட்’ கொண்டு சூழலைச் செய்தியின் ஹெடரில் எழுதி, பெறும் பக்கம் ‘எக்ஸ்ட்ராக்ட்’ கொண்டு மீட்டெடுத்து, அதையே தாயாக வைத்துப் புதிய ஸ்பானைத் தொடங்க வேண்டும். பல செய்திகளை ஒரே தொகுப்பாகச் செயலாக்கும் நிரலில் ஒரு தாயைத் தேர்ந்தெடுப்பது பொருளற்றது. அங்கே ஒவ்வொரு செய்தியின் சூழலையும் ‘லிங்க்’ ஆக (தாய் அல்லாத தொடர்பாக) இணைப்பதே சரி. புதிய திரெட்டைத் தொடங்கும் இடங்களையும், சூழல் கடத்தப்படாமல் போயிருக்கலாம் என்ற இதே ஐயத்துடன் பாருங்கள்.

ஸ்பான்கள் உடனுக்குடன் அனுப்பப்படுவதில்லை. ஸ்பான்களைச் சேர்த்துத் தொகுப்புகளாக அனுப்பும் எஸ்டிகேயின் பகுதி இயல்பாக 5 நொடிக்கு ஒருமுறை, ஒரு தொகுப்பில் அதிகபட்சம் 512 வரை அனுப்புகிறது; வரிசையில் 2048 இடங்களும் நிரம்பினால் மீதியைக் கைவிடுகிறது. செயலியைத் தடுத்து நிறுத்துவதைவிடத் தரவை இழப்பது மேல் என்ற முடிவு அது, சரியான முடிவும்கூட. சிறிய நிரல் ஒன்று சிக்னலால் திடீரென நிறுத்தப்பட்டால் கடைசிச் ஸ்பான்கள் காணாமல் போவதன் காரணமும் இதுவே. சிக்னலைப் பிடித்து எஸ்டிகேயை ‘ஷட்டவுன்’ செய்தால் அவை தப்பும். குனிகார்ன் போன்று வொர்க்கர் என்ற துணைச் செயல்முறைகளைக் கிளைத்து இயக்கும் சர்வர்களில், ஒவ்வொரு வொர்க்கரும் கிளைத்த பிறகு எஸ்டிகேயை அமைப்பது பாதுகாப்பானது.

உற்பத்திச் சூழலில் செயலிக்கும் சேமிப்பகத்துக்கும் இடையில், தரவைப் பெற்று மாற்றி அனுப்பும் கலெக்டர் என்ற நிரலை வைப்பது வழக்கம். அதன் அமைப்புக் கோப்பில் ரிசீவர் (பெறுவது), புராசசர் (மாற்றுவது), எக்ஸ்போர்ட்டர் (அனுப்புவது) மூன்றையும் வரையறுத்தால் மட்டும் போதாது. ‘சர்வீஸ்’ பகுதியில் உள்ள பைப்லைனிலும் அவற்றைக் குறிப்பிட்டால்தான் இயங்கும். நினைவகக் கட்டுப்பாட்டுப் புராசசர் பைப்லைனில் முதலாவதாக இருக்க வேண்டும். மாதிரியெடுப்பில், அதாவது டிரேஸ்களில் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொள்வதில், இரண்டு வழிகள் உள்ளன. டிரேஸ் தொடங்கும்போதே விகிதப்படி முடிவெடுப்பது மலிவானது, ஆனால் அரிதான பிழைகளைத் தவறவிடும். டிரேஸ் முடிந்தபின் கலெக்டரில் முடிவெடுத்தால் பிழையுள்ளவற்றையும் தாமதமானவற்றையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரே டிரேஸின் எல்லா ஸ்பான்களும் ஒரே கலெக்டரை அடைந்தாக வேண்டும், நினைவகமும் கூடுதலாகத் தேவைப்படும். போக்குவரத்து குறைவான செயலிக்கு இவை எதுவும் வேண்டாம். இயல்பான அமைப்பே எல்லாவற்றையும் பதிவு செய்யும்.

கடவுச்சொல், டோக்கன், தனிநபர் விவரம் எதையும் பண்புகளில் எழுதாதீர்கள். நீங்கள் சேர்க்கும் மதிப்புகளைச் சேவைக்குச் சேவை கொண்டுசெல்லும் ‘பேகேஜ்’ பகுதியில் இன்னும் எச்சரிக்கை தேவை. வெளியாரின் சேவையை அழைக்கும்போது அதுவும் ஹெடராக அவர்களிடம் போய்ச் சேரும்.

டிரேஸ்கள் அறுபடாமல் வருவது உறுதியான பிறகு, லாக் வரிகளில் டிரேஸ் அடையாளத்தைச் சேர்க்கும் பைத்தான் லாகிங் கருவியை இயக்குங்கள். அதன்பின் ஒரு பிழை வரியில் உள்ள அடையாளத்தை நகலெடுத்து யேகரின் தேடல் பெட்டியில் ஒட்டினால், அந்தக் கோரிக்கை கடந்த சேவைகள் அனைத்தும் ஒரே திரையில் திறக்கும்.