கல்யாணக் கைவேலைக்குத் தோழிகளைக் கூப்பிடும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை பிறக்கப்போகிறது என்றால் பெங்களூரில் தெரிந்த வீடு ஏதாவது ஒன்றிலிருந்து எனக்கு போன் வரும். "அக்கா, தாம்பூலப் பை, ஆரத்தித் தட்டு, சீர்த்தட்டு எல்லாம் நாங்களே செய்யப்போறோம். ஃப்ரெண்ட்ஸ் எட்டுப் பேர் இருக்காங்க, ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்தா முடிஞ்சிடும்." நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தோம். பசை விரலில் ஒட்டும், கத்தரிக்கோல் காணாமல் போகும் என்பதெல்லாம் செய்யும்போது தானாகத் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பத்துப் பை செய்து பார்க்காமல் ஆள் சேர்ப்பது

எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்காத விஷயம் இது. வீடியோவைப் பார்த்து ஒரே ஒரு பை செய்வார்கள். அதை போட்டோ எடுத்துத் தோழிகளுக்கு அனுப்புவார்கள். மறுநாளே அவென்யூ ரோட்டுக்குப் போய் முந்நூறு பைக்குத் தாள் வாங்கி வந்து இறக்கிவிடுவார்கள். அந்த முதல் பைக்குள் ஒரு தேங்காயைப் போட்டுத் தூக்கிப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றாது.

உரித்த தேங்காய் ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். கூடவே வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பழம், சில வீடுகளில் ரவிக்கைத் துண்டு. 2016-ல் கர்நாடக அரசு பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தபிறகு துணிப்பை அல்லது காகிதப்பை என்று ஆகிவிட்டது. துணி எடையைத் தாங்கிவிடும். நம் பெண்கள் ஆசைப்பட்டு எடுப்பதோ பளபளக்கும் பூப்போட்ட தாள்.

மல்லேஸ்வரத்தில் ஒரு சத்திரத்தில் பார்த்தேன். பந்தி முடிந்து வந்தவர்கள் பையை வாங்கிக்கொண்டு படி இறங்குவதற்குள் கைப்பிடிக் கயிறு துளையோடு பிய்த்துக்கொண்டு வந்தது. முதல் தேங்காய் உருண்டபோது எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தடுத்து உருள ஆரம்பித்ததும் பெண்ணின் அத்தை வாசலிலேயே நின்று, "அடியில கை கொடுத்துப் பிடிச்சுக்கோங்க, அடியில பிடிச்சுக்கோங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில் மாப்பிள்ளையின் சித்தப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போய், திறந்திருந்த கடையில் சொன்ன விலைக்குத் துணிப்பைகளை அள்ளி வந்தார். தோழிகள் ராத்திரி கண்விழித்து ஒட்டிய பைகள் சமையல்கட்டு ஓரத்தில் குவிந்து கிடந்தன. துளை போடுகிற மடிப்புக்குள் ஓர் அட்டைப் பட்டை, அடியில் ஓர் அட்டை, இவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரு பையில் தேங்காயைப் போட்டு ராத்திரி முழுக்க ஆணியில் மாட்டி வைத்திருந்தால் காலையில் தெரிந்திருக்கும். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

அப்புறம் நேரக் கணக்கு. முதல் பைக்கு அரை மணி ஆகலாம், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். கை பழகிய பிறகு, பத்தாவது பைக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். 12 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 300 பைக்கு 3,600 நிமிடம், அதாவது 60 மணி நேரம். எட்டுப் பேர் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் 40 மணி நேரம் கிடைக்கும். அதில் சாப்பாடு, காபி, மாப்பிள்ளையைப் பற்றிய கேலி எல்லாம் போக 25 தேறினால் பெரிய விஷயம். பாக்கி 35 மணி நேர வேலை பெண்ணின் அம்மா தலையில்தான் விழும். இதைத் தாள் வாங்குவதற்கு முன்பே போட்டுப் பார்த்தால், "பையைக் கடையில் வாங்கிக்கலாம், மேலே அச்சு மட்டும் நாம குத்திக்கலாம்" என்று பலரும் இறங்கி வந்துவிடுகிறார்கள். அதுவும் கைவேலைதானே.

ஆளுக்கு ஐம்பது என்று பங்கு பிரிப்பது

ஐம்பதை வீட்டுக்கு எடுத்துப் போனவள் முந்தின நாள் இருபதோடு வருவாள், அதுவும் வேறு அளவில். ஆளுக்கு ஒரு வேலையாகப் பிரியுங்கள். வெட்ட ஒருத்தி, மடிக்க இருவர், ஒட்ட இருவர், துளை போட்டுக் கயிறு கோக்க மற்றவர்கள். வெட்டுவதை, பேசிக்கொண்டே இருக்கிறவளிடம் கொடுக்காதீர்கள்.

ஒட்டிய பைகளைப் பரப்பி வைக்க இடம் வேண்டும். ஃபெவிகால் ஈரம் காயுமுன் அடுக்கிவிட்டால் விடிவதற்குள் எல்லாம் ஒரே கட்டாக ஒட்டிக்கொள்ளும், மழைக்காலத்தில் இன்னும் மோசம். சீர்த்தட்டில் சூட்டுப் பசைத் துப்பாக்கியால் முத்து ஒட்டுகிறவர்களுக்கு நேர்மாறான தொல்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் தட்டை வைத்தால் பசை இளகும், சத்திரத்தில் இறக்கும்போது முத்தெல்லாம் டிக்கியில் கிடக்கும்.

வாட்ஸாப் குழுவில் உதவி கேட்பது

கட்டைவிரல் வரும். ஆள் வராது.

ஊர் எப்படியென்று பார்க்காமல் நாள் குறிப்பது

தோழிகளுக்கு லீவு ஞாயிறு. சிக்பேட்டைப் பக்கம் பெரும்பாலான கடைகளுக்கும் லீவு ஞாயிறு. நாடா தீர்ந்துபோனால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். காரை எடுக்காமல் பச்சைத் தட மெட்ரோவில் சிக்பேட்டையில் போய் இறங்குங்கள். வேலை நாள் சாயங்காலம் ஒயிட்ஃபீல்டில் இருக்கிற தோழியை மல்லேஸ்வரத்துக்கு வரச் சொல்வதெல்லாம் பாவம். வருகிறவள் வந்து சேரும்போது மற்றவர்கள் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்.

தெர்மாகோல்

மேடைக்குப் பெயர் வெட்ட இன்னமும் இதைத்தான் தேடுகிறார்கள். அலங்காரத்துக்குத் தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. அட்டையில் வெட்டுங்கள்.

பூ

கட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது இல்லையென்றால் சரமாகவே வாங்கிவிடுங்கள். ஆவணி முகூர்த்தமாக இருந்தால், வரமகாலட்சுமி நோன்பு என்றைக்கு என்று முதலில் பாருங்கள். அந்தச் சமயத்தில் கே.ஆர். மார்க்கெட்டில் பூ விலை கேட்கவே பயமாக இருக்கும்.

காசு

ஆட்டோ, நாடா, பசை என்று தோழி கைக்காசு போட்டதை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அவளாகக் கேட்கமாட்டாள்.

கல்யாணத்தன்றும் வேலை வாங்குவது

முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு. கீழே கச்சேரி நடக்க, மாடி அறையில் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோழிகள் பைக்குள் தேங்காய் போட்டுக்கொண்டிருப்பார்கள். வெற்றிலை வாடும் என்பதால் கடைசியில்தான் நிரப்ப முடியும், சரி. அதற்குச் சமையல் காண்ட்ராக்டரிடம் முன்கூட்டியே சொல்லி இரண்டு ஆட்களுக்குக் கூலி பேசிவிடுங்கள். தேங்காய் அடியில், பழம் அதன் பக்கத்தில், வெற்றிலை பாக்கு மேலே என்று பெரிதாக எழுதி அந்த அறைச் சுவரில் ஒட்டினால் அவர்களே முடித்துவிடுவார்கள். தோழிகள் போட்டோவுக்கு மேடை ஏறட்டும்.