கிரைண்டர் கடைத் தளத்தை வைத்து எஸ்இஓ கற்றுக்கொள்வது எப்படி

எஸ்இஓ என்பது கூகுள் தேடலில் ஒரு தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் வேலை. அந்த வேலைக்கு வர ஆசை, எங்கே ஆரம்பிப்பது என்று மாதம் இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் கல்லூரி முடித்த பிள்ளைகள். கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே செய்ய வேலை தேடும் பெண்களும் உண்டு. எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான்: வகுப்பில் சேருவதற்கு முன்னால் ஒரு தளம் உங்கள் கையில் இருக்கட்டும். சொந்தத் தளமோ, தெரிந்தவர் கடையின் தளமோ, எதுவானாலும் சரி. எனக்கு வாய்த்தது கோவை கணபதியில் மாமா நடத்தும் வெட் கிரைண்டர் கடையின் தளம். மொத்தமே 14 பக்கம். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அந்த 14 பக்கத்தில் கற்றதுதான்.

டொமைனுக்கு, அதாவது தளத்தின் முகவரிப் பெயருக்கு, வருடம் ஆயிரம் ரூபாய் முன்னே பின்னே ஆகும். அதுவும் இப்போது முடியாது என்றால் கூகுளின் பிளாகரில் இலவசமாகத் தொடங்குங்கள். தளம் ஏறிய அன்றே அதைக் கூகுள் சர்ச் கன்சோலில் சேர்த்துவிடுங்கள். உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுளே காட்டும் கருவி அது, காசு கிடையாது. சேர்த்த பிறகுதான் கணக்கு ஏற ஆரம்பிக்கும், 16 மாதத்துக்கு முந்தைய கணக்கை அது வைத்திருக்காது. அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து, கூகுள் ஒரு பக்கத்தை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதை மனதில் ஏற்றுங்கள். கூகுள்பாட் என்கிற கூகுளின் தானியங்கி நிரல் வந்து பக்கத்தைப் படிக்கிறது. படித்ததை இண்டெக்ஸில், அதாவது தேடலுக்காகக் கூகுள் வைத்திருக்கும் பட்டியலில், சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம். சேர்த்தால்தான் யாராவது தேடும்போது வரிசையில் நிற்கிற வாய்ப்பே வருகிறது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் எனக்கு வந்த முதல் சம்பள வேலையில் நான் கோட்டைவிட்டது இங்கேதான். ஒரு துணிக்கடைக்குப் புதுத் தளம் ஏற்றினார்கள். மூன்று வாரத்தில் தேடலிலிருந்து வரும் ஆட்கள் கிட்டத்தட்ட நின்றுபோனார்கள். நான் நான்கு நாள் பக்கத்தின் டைட்டிலையும் கீவேர்டையும் (மக்கள் தேடும் சொல்) மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் தளத்தைக் கட்டிய வேர்ட்பிரஸ் மென்பொருளின் செட்டிங்கில் ரீடிங் பகுதியைத் திறந்தால், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்கிற கட்டத்தில் டிக் இருக்கிறது. தளத்தைக் கட்டும்போது போட்ட டிக்கை யாரும் எடுக்கவில்லை. எடுத்தோம், முக்கியமான பக்கங்களைக் கன்சோலில் ஒவ்வொன்றாகக் கொடுத்து மறுபடி படிக்கச் சொன்னோம், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. அந்தக் கடைக்காரர் இழந்த வியாபாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தம்தான். அன்றிலிருந்து எந்தத் தளத்தைத் தொட்டாலும் நான்கைந்து பக்கங்களைக் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் போட்டு, இண்டெக்ஸில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற வேலை.

இதையொட்டி ஒன்று. ரோபாட்ஸ் கோப்பில் (பாட் எங்கே நுழையலாம் என்று சொல்லும் robots.txt) தடுப்பதும் பக்கத்தில் நோஇண்டெக்ஸ் (இண்டெக்ஸில் சேர்க்காதே என்ற குறிப்பு) போடுவதும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். ரோபாட்ஸ் கோப்பில் தடுத்தால் பாட் அந்தப் பக்கத்தைப் படிக்காது, அவ்வளவுதான். வேறு யாராவது அதற்கு லிங்க் கொடுத்திருந்தால் முகவரி மட்டும் தேடலில் வந்து நிற்கலாம். தேடலில் வரவே கூடாது என்றால் நோஇண்டெக்ஸ் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பாட் உள்ளே நுழையவே முடியாது, நோஇண்டெக்ஸ் இருப்பது அதற்குத் தெரியவும் வழியில்லை. நான் ஆள் எடுக்கும்போது கேட்கும் முதல் கேள்வி இது.

இனி, என் வேலையின் உயிர் என்று நான் நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டில், மக்கள் என்ன சொல்லித் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்பது வரி வரியாக வரும். ஒவ்வொரு வரிக்கும் எத்தனை இம்ப்ரெஷன் (தேடலில் காட்டப்பட்ட தடவை), எத்தனை கிளிக், சராசரியாக எத்தனையாவது இடம் என்பதும் இருக்கும். இதைத் தினமும் காலையில் பேப்பர் படிப்பதுபோலப் படியுங்கள். இம்ப்ரெஷன் நிறைய, கிளிக் குறைவு, இடம் பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் என்று இருக்கும் வரிகளில் நில்லுங்கள்.

மாமா தளத்தில் நாங்கள் குறிவைத்தது 'கிரைண்டர் விலை'. ஆனால் ஒரு நாள் கண்ணில் பட்ட வரி 'கிரைண்டர் கல் கொத்துவது எப்படி'. மூன்று மாதத்தில் 620 இம்ப்ரெஷன், 4 கிளிக், இடம் 17. அதற்கென்று எங்களிடம் பக்கமே கிடையாது. சர்வீஸ் பக்கத்தில் எங்கோ ஒரு வாக்கியம் இருந்தது, அதை வைத்துக் கூகுள் காட்டியிருக்கிறது. மாமாவிடம் சொன்னேன். "இதுக்கு ஒரு பக்கம் வேணுமா கண்ணு? கடைக்கு வர்றவங்கள்ல பாதிப்பேரு இதைத்தான கேக்கறாங்க" என்றார். அதைவிட நல்ல கீவேர்ட் ரிசர்ச் எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை.

மறுநாள் காலை முழுக்கக் கல் கொத்தும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். உளியைச் சாய்த்துப் பிடித்துக் குழவியில் புள்ளி புள்ளியாகக் கொத்திக்கொண்டே வந்தார். கல் வழவழப்பாகிவிட்டால் மாவு அரைபட நேரம் கூடும், மாவு சூடாகும், அப்போது கொத்த வேண்டும் என்றார். கொத்தி முடித்ததும் கழுவி, கொஞ்சம் அரிசி போட்டு அரைத்து அதைக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கல்தூள் மாவில் வரும். இது எந்தத் தளத்திலும் எனக்குக் கிடைக்காத விவரம். அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினேன், போனில் எடுத்த ஆறு படங்களைப் போட்டேன், எங்கள் கடையில் கூலி எவ்வளவு என்பதையும் சேர்த்தேன். தேடியவர்கள் தட்டிய சொற்களையே டைட்டிலாக வைத்தேன். இரண்டு மாதத்தில் அந்தப் பக்கம் முதல் ஐந்துக்குள் வந்தது. அதைப் பார்த்துப் போன் செய்தவர்களில் சிலர் பழைய கிரைண்டரைக் கொடுத்துவிட்டுப் புதிதே வாங்கினார்கள்.

கன்சோலின் அந்தப் பட்டியலில் இன்னொன்றும் கவனித்தேன். கடையின் விளம்பரத் தாளில் 'ஈர அரவை இயந்திரம்' என்று அழகாக அச்சடித்திருந்தோம். அப்படித் தேடியவர் ஒருவர்கூட இல்லை. ஒரே கேள்வியைத் தமிழ் எழுத்தில் கேட்டவர்கள் உண்டு, ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டியவர்கள் உண்டு, அதில் எழுத்துக்கூட்டல் ஆளுக்கொரு விதம். தமிழில் எஸ்இஓ செய்கிறவர் இந்த வேறுபாடுகளைப் பொறுமையாகச் சேர்த்து வைக்க வேண்டும். எந்த டூலும் நமக்காக இதை ஒழுங்காகச் செய்வதில்லை.

எழுத உட்காரும் முன் அந்தச் சொல்லைப் போனில், உங்கள் பழைய தேடல்கள் கலக்காத இன்காக்னிட்டோவில் தேடிப் பாருங்கள். முதல் பக்கம் முழுக்க வீடியோவாக இருந்தால் மக்கள் பார்க்க விரும்புகிறார்கள் என்று அர்த்தம். முழுக்கப் பெரிய விற்பனைத் தளங்களாக இருந்தால் உங்கள் கட்டுரை அங்கே ஏறுவது கடினம், வேறு கேள்வியைத் தேடுங்கள். 'கிரைண்டர் விலை'யை நாங்கள் விட்டது அப்படித்தான்.

தொழில்நுட்பம் பற்றிப் பயப்பட வேண்டாம். எச்டிஎம்எல் படிக்கத் தெரிந்தால் போதும், எழுத வர வேண்டியதில்லை. டைட்டில், தலைப்புகள், பக்கங்களுக்கு இடையேயான லிங்க், கனானிக்கல் (ஒரே மாதிரிப் பக்கங்களில் எது முதன்மை என்ற குறிப்பு), ரீடைரக்ட் (ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்புவது) என்ன செய்யும் என்பது தெரிய வேண்டும். ஸ்க்ரீமிங் ஃப்ராக் என்ற மென்பொருள் 500 முகவரிகள் வரை இலவசமாக ஒரு தளத்தை அலசித் தரும், சிறிய தளத்துக்கு அது தாராளம். வேகத்துக்குக் கூகுள் சொல்லும் அளவுகள்: திறந்ததும் திரையில் தெரிவதில் மிகப் பெரிய படமோ எழுத்துத் தொகுதியோ 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி நொடிக்குள் அசைய வேண்டும். எங்கள் தளத்தில் படங்களைச் சுருக்கியதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பக்கத்தின் எச்டிஎம்எல்லுக்குள் கீவேர்டுகளை அடுக்கும் மெட்டா கீவேர்ட்ஸ் டேக்கை யாராவது சொல்லிக்கொடுத்தால் அந்த வகுப்பிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

பேக்லிங்க்கை, அதாவது மற்றத் தளங்கள் உங்களுக்குத் தரும் லிங்க்கை, காசுக்கு வாங்காதீர்கள். 2012-இல் கூகுளின் பெங்குவின் அப்டேட் வந்தபோது அப்படி வளர்ந்த தளங்கள் பல சரிந்தன. ஆனாலும் 'மாதம் 500 லிங்க்' என்று விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்களுக்கு வந்த நல்ல லிங்க்குகள் கல் கொத்தும் பக்கத்துக்கு வந்தவைதான். சமையல் எழுதும் இரண்டு பேர் தாங்களாகவே கொடுத்தார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் கட்டாயம் வேண்டும். என்ன மாற்றினீர்கள், எந்தத் தேதியில், ஏன் என்று எழுதுங்கள். ஒரு பக்கத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நான்கு வாரமாவது பொறுங்கள். கூகுள் கோர் அப்டேட் (வரிசைப்படுத்தும் முறையில் பெரிய மாற்றம்) விடும் தேதிகளையும் அதிலேயே குறியுங்கள். இல்லாவிட்டால் ஏறியதும் இறங்கியதும் உங்களாலா அப்டேட்டாலா என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

படிக்க வேண்டியவை கூகுளிடமே இலவசமாக இருக்கின்றன. தேடலில் இடம்பெற அடிப்படை விதிகளைச் சொல்லும் சர்ச் எசென்ஷியல்ஸ் பக்கங்களை முழுதாகப் படியுங்கள். அப்புறம், தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடும் ஆட்களுக்குக் கூகுள் தரும் வழிகாட்டி. நூற்றைம்பது பக்கத்துக்கு மேல், மெதுவாகத்தான் போகும். எழுதியவருக்கு நேரடி அனுபவம் இருக்கிறதா என்ற கேள்வியை 2022 டிசம்பரில் அதில் சேர்த்தார்கள். தேடலின் மேலேயே ஏஐ எழுதிய பதிலைக் காட்டும் ஏஐ ஓவர்வியூ 2024-இல் இந்தியாவுக்கும் வந்த பிறகு, ஒரு வரியில் பதில் முடிந்துவிடும் கேள்விகளுக்கு ஆள் உள்ளே வருவது குறைகிறது, எங்கள் தளத்திலேயே பார்க்கிறேன். உளி பிடித்தவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய பக்கத்துக்கு இன்னும் வருகிறார்கள்.

வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழோடு அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். ஒரு பக்கத்தைத் திறந்து, இந்த வரியைப் பார்த்தேன், இதைச் செய்தேன், இப்படி ஆனது என்று சொல்ல முடிந்தால் போதும். வாடிக்கையாளர் முதலிடம் கிடைக்குமா என்று உறுதி கேட்டால் தராதீர்கள். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது, அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

போன வாரம் மாமா தளத்தில் ஒரு புது வரி வந்திருக்கிறது: 'கிரைண்டர் கடகட சத்தம்'. 90 இம்ப்ரெஷன், கிளிக் ஒன்றுமில்லை. பெல்ட்டா, பேரிங்கா என்று மெக்கானிக்கிடம் கேட்கச் சனிக்கிழமை கணபதி போகிறேன்.