வண்டி ஐடில்ல நிக்கும்போது டக் டக்னு சத்தமா? இஞ்சினை இறக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

எங்க நைனாவோட பழைய ஸ்ப்ளெண்டர், கார்புரேட்டர் மாடல். ஓடும்போது ஒண்ணும் தெரியாது, ஆனா எங்க வேலூர் கிரீன் சர்க்கிள்ல டிராஃபிக்ல நின்னா போதும், டக் டக் டக்னு இஞ்சின்ல இருந்து ஒரு சத்தம், பக்கத்து வண்டிக்காரரு திரும்பிப் பார்ப்பாரு. ஒரு ஒர்க் ஷாப்ல காட்டுனதுக்கு குனிஞ்சு கூட கேக்காம "கிராங்க் போச்சுப்பா, இஞ்சின் இறக்கணும்"னு சொல்லிட்டாங்க. கடைசில பார்த்தா டேப்பட் (இஞ்சினுக்குள்ள காத்து வரவும் புகை போகவும் தொறந்து மூடற வால்வோட கேப்பை செட் பண்ற ஸ்குரூ) லூஸ், கூடவே சைலன்சர் நட்டு ஒண்ணு லூஸ், அவ்ளோதான். இஞ்சினைத் தொடவே இல்ல. அதனால சொல்றேன், சத்தம் எங்க இருந்து வருதுன்னு தெரியாம ஒரு பார்ட்டுக்கும் காசு குடுக்காதீங்க.

இங்க எழுதியிருக்கறது ஸ்ப்ளெண்டர், பேஷன், ஹீரோ ஹோண்டா சிடி 100 மாதிரி படுக்க வெச்ச 100 சிசி இஞ்சினுக்கு. மத்த வண்டிக்கும் யோசனை இதேதான், ஸ்பேனர் சைஸும் அளவும் மாறும்.

இன்னொண்ணு மொதல்லயே சொல்லிடறேன். ஏலகிரி மலை ஏறும்போது டாப் கியர்லயே முறுக்கினா கிண் கிண்னு ஒண்ணு வரும் பாருங்க, அது பெட்ரோல் நேரம் தப்பி எரியறதால வர்ற நாக்கிங், அது வேற கதை. ஐடில்ல லோடே இல்லாம நிக்கும்போது வர்றது பெரும்பாலும் ஏதோ ஒரு இரும்பு இன்னொரு இரும்புல இடிக்கற சத்தம். அதுக்கு விலை ஜாஸ்தியான பெட்ரோல் போட்டா சரியாகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, காசுதான் போகும்.

மொதல்ல ஆயில்

சென்டர் ஸ்டாண்ட் போட்டு ரெண்டு மூணு நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்ணுங்க, இன்னும் ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக்கை எடுத்துத் தொடைச்சு திரும்ப உள்ள விட்டுப் பாருங்க. திருகி மாட்டிப் பார்க்கக் கூடாது, சும்மா உள்ள வெச்சு எடுக்கணும், திருகினா அளவு ஜாஸ்தியா இருக்கற மாதிரி காட்டும். கீழ் கோட்டுக்கும் கீழ இருந்தா ஊத்திட்டு, திரும்ப ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்க. ஆயில் கம்மியா இருக்கும்போது மத்த எந்த டெஸ்ட் பண்ணாலும் அதுல அர்த்தமே இல்ல.

அப்புறம் வெளில இருக்கற நட்டு போல்ட்டு

இஞ்சின் மவுண்டிங் போல்ட், சைலன்சரை ஹெட்ல (சிலிண்டர் முனைல மூடி மாதிரி இருக்கற பாகம்) புடிக்கற ரெண்டு நட்டு, சைலன்சர் கார்டு ஸ்குரூ, செயின் கவர். எல்லாத்தையும் ஸ்பேனர் வெச்சுப் பாருங்க, கைல ஆட்டிப் பார்த்தா தெரியாது. சைலன்சர் நட்டு லூசா இருந்தா புகை அந்த இடுக்குல வெளிய வந்து டப் டப்னு ஒரு சத்தம் வரும், அசல் டேப்பட் மாதிரியே இருக்கும். காலைல வண்டி ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, அந்த ஜாயிண்ட் பக்கத்துல கையைக் காட்டுங்க, தொடாதீங்க, காத்து அடிச்சா அதுதான். நட்டு முறுக்கியும் நிக்கலன்னா உள்ள இருக்கற கேஸ்கட் மாத்தணும், சின்ன செலவுதான்.

ஐடில் ஸ்பீடு

மைலேஜ் வரணும்னு ஐடிலை ரொம்ப கம்மி பண்ணி வெச்சிருப்பாங்க நம்ம ஆளுங்க. இந்த இஞ்சினுக்கு 1400 ஆர்பிஎம் கிட்ட இருக்கணும். மீட்டர் இருக்காது, அதனால காதுலதான் கேக்கணும், ஒவ்வொரு அடியையும் தனித்தனியா எண்ண முடிஞ்சா ரொம்ப கம்மின்னு அர்த்தம். கார்புரேட்டர் ஐடில் ஸ்குரூவை கொஞ்சமா ஏத்துங்க, அதுலயே சத்தம் போச்சுன்னா வேலை முடிஞ்சது.

சத்தத்தைப் பிரிச்சுக் கேக்கறது

வண்டியை காம்பவுண்ட் சுவர் பக்கத்துல வெச்சுக் கேக்காதீங்க, சத்தம் திரும்பி வந்து குழப்பும். வெட்டவெளில நிறுத்துங்க.

கிளட்ச்சைப் புடிங்க. புடிச்சதும் சத்தம் மாறுச்சுன்னா இல்ல நின்னுடுச்சுன்னா, கிளட்ச் ஹவுசிங் பக்கம்தான் கோளாறு, ஹெட்டைத் தொடாதீங்க.

காலைல மொத ஸ்டார்ட்ல மட்டும் தடதடன்னு இருந்துட்டு சூடானதும் அடங்கிடுச்சுன்னா பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல கொஞ்சம் கேப் விட்டிருக்கு. புகை இல்லாம, ஆயில் குறையாம இருந்தா உடனே அவசரமில்ல, ஓட்டலாம்.

அப்புறம் நீளமான ஸ்குரூ டிரைவர். முனையை இஞ்சின்ல வெச்சு, கைப்பிடியைக் காதுக்குப் பின்னாடி எலும்புல அழுத்திக் கேளுங்க. லூங்கியோ துப்பட்டாவோ தொங்கிட்டு இருந்தா முடிஞ்சுக்கோங்க, சைலன்சர்ல பட்டா தீஞ்சுடும். ஹெட் மேல வெச்சா டிக் டிக்னு சன்னமா, பளிச்னு கேட்டா டேப்பட். இடது பக்கம் சிலிண்டர் ஓரமா சரசரன்னு உரசற மாதிரி கேட்டா, அதுவும் ஆக்சிலேட்டரை விட்டதும் ஜாஸ்தியானா, டைமிங் செயின் (வால்வை ஓட்டற உள் செயின்). கீழ கிராங்க்கேஸ்ல கனமா தட் தட்னு வந்து, லேசா முறுக்கினா இன்னும் ஓங்கி அடிச்சா அது கனெக்டிங் ராட் (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கற ராட்) பேரிங். அது மட்டும்தான் நிஜமாவே இஞ்சினை இறக்கற வேலை, அதுக்கு மேல வண்டியை ஓட்டாதீங்க, ராட் உடைஞ்சா கிராங்க்கேஸையே ஓட்டை போட்டுடும்.

டேப்பட் செட்டிங் (இங்கதான் எல்லாரும் மாட்டறாங்க)

வேணுங்கறது: ஃபீலர் கேஜ் (கேப் அளக்கற மெல்லிய தகடு செட்), 9 ரிங் ஸ்பேனர், 17 ரிங் ஸ்பேனர், டேப்பட் கீ (டேப்பட் ஸ்குரூவைத் திருகற சாவி), 14 சாக்கெட், பிளக் ஸ்பேனர். ஸ்பேனர் வாங்கினா டபாரியா கம்பெனிதா பார்த்து வாங்குங்க, பல வருஷம் உழைக்கும். டேப்பட் மூடிக்கு ஸ்குரூ ஸ்பேனர் போடவே கூடாது, அது அலுமினியம் ஹெட்ல இருக்கற மூடி, முனை மழுங்கிட்டா கழட்டறதே பெரும்பாடு. ஃபீலர் கேஜுக்குப் பதிலா பிளேடு, சிகரெட் அட்டைன்னு சொல்றவங்க பேச்சையும் கேக்காதீங்க.

இஞ்சின் நல்லா ஆறியிருக்கணும். 35 டிகிரிக்குக் கீழன்னு கணக்கு. நம்ம வேலூர் கத்திரி வெயில்ல மத்தியானம் நிழல்லயே 40 தாண்டும், அதனால ராத்திரி முழுக்க நிறுத்தி வெச்சு விடியக்காலைல வெயில் ஏறறதுக்குள்ள பண்ணுங்க. இது சும்மா சொல்றது இல்ல, செட் பண்ற கேப் 0.05 மில்லிமீட்டர்தான், சூட்டுல அளவே மாறிடும்.

பிளக்கைக் கழட்டுங்க, இஞ்சின் லேசா சுத்தும். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு டேப்பட் மூடியையும் 17ல கழட்டுங்க. மேல இருக்கறது இன்லெட் (பெட்ரோலும் காத்தும் உள்ள வர்ற வால்வு), கீழ எக்ஸாஸ்ட் (புகை வெளிய போற வால்வு). கீழ்மூடியைத் தொறந்தா ஆயில் ஒழுகும், ஒரு தட்டு வெச்சுக்கோங்க. இடது பக்கம் மேக்னட் கவர்ல ரெண்டு மூடி இருக்கும், பெருசுக்குள்ள 14 நட்டு, சின்னதுக்குள்ள மார்க் தெரியும். இடது பக்கத்துல உக்காந்து பார்த்தா அந்த 14 நட்டை கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா சுத்தணும். சாக்கெட் இல்லன்னா டாப் கியர் போட்டு பின் வீலை முன்பக்கமா மெதுவா உருட்டினாலும் போதும்.

இப்ப கவனமா கேளுங்க. சின்ன ஓட்டைல டி-ன்னு ஒரு மார்க், எஃப்-ன்னு ஒரு மார்க் வரும். எஃப் இக்னிஷனுக்கு, அது நமக்கு வேணாம். டி பக்கத்துல இருக்கற கோடுதான் கவர்ல இருக்கற வெட்டுக்கு நேரா நிக்கணும். ஆனா டி நேரா வந்துடுச்சுன்னு உடனே ஸ்பேனரைத் தூக்காதீங்க, ஏன்னா நாலு ஸ்ட்ரோக்ல டி ரெண்டு தடவை வரும், ஒண்ணு கம்ப்ரஷன்ல (ரெண்டு வால்வும் மூடி பிஸ்டன் காத்தை அமுக்கற நேரம்), இன்னொண்ணு எக்ஸாஸ்ட் முடிஞ்சு இன்லெட் தொறக்கற நேரத்துல. ரெண்டாவதுல ரெண்டு வால்வும் லேசா தொறந்திருக்கும், அங்க செட் பண்ணா எல்லாமே தப்பு. எப்படித் தெரிஞ்சுக்கறது? சுத்திக்கிட்டே மேல இருக்கற இன்லெட் ராக்கரை (வால்வை அமுக்கற கை) பாருங்க, அது உள்ள அமுங்கி, திரும்ப வெளிய வந்ததும் அடுத்து வர்ற டிதான் நமக்கு வேணுங்கறது. அங்க நிறுத்தி ரெண்டு ராக்கரையும் விரலால ஆட்டுங்க, ரெண்டும் துளி ஆடணும். ஆடாம ஒண்ணு இறுக்கமா இருந்தா இன்னும் ஒரு முழு சுத்து சுத்துங்க. ரெண்டுமே ரொம்ப டைட்டா இருக்கற வண்டில கம்ப்ரஷன்லயும் ஆடாது, அப்ப இன்லெட் ராக்கர் அமுங்கி எழுந்ததை மட்டும் நம்புங்க.

ராக்கர் முனைல இருக்கற 9 நட்டை லூஸ் பண்ணி, 0.05 தகட்டை ஸ்குரூவுக்கும் வால்வுக்கும் நடுவுல விடுங்க. எங்க வண்டிக்கு ரெண்டுக்கும் 0.05, உங்க மாடலுக்கு மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான். டேப்பட் கீயால திருகித் திருகி, தகட்டை இழுத்தா மூடின நோட்டுக்குள்ள இருந்து ஒரு பேப்பரை உருவற மாதிரி லேசான புடிப்பு இருக்கணும். கீயை அசையாம புடிச்சுக்கிட்டே நட்டை டைட் பண்ணுங்க. டைட் பண்ணும்போது ஸ்குரூ கூடவே சுத்தும், கேப் மாறிடும், அதனால டைட் பண்ணப்புறம் தகட்டை விட்டு திரும்பவும் பார்க்கணும், சரியில்லன்னா மறுபடியும் மொதல்ல இருந்து. இதுக்கு சலிச்சுக்காதீங்க, எனக்கு அதிக நேரம் புடிக்கறதே இந்த ஒரு இடம்தான்.

சத்தமே வரக்கூடாதுன்னு டைட்டா வெச்சுடாதீங்க. வால்வு முழுசா மூடாம கம்ப்ரஷன் போயிடும், எக்ஸாஸ்ட் வால்வு கருகிடும், அப்புறம் ஹெட் வேலைதான். லேசா டிக் டிக்னு இருக்கற டேப்பட் நல்ல டேப்பட்.

மூடியோட ஓ ரிங் பட்டையா நசுங்கியிருந்தா மாத்துங்க, இல்லன்னா ஆயில் கசியும். எல்லாம் மாட்டி ஆயில் லெவல் திரும்பப் பார்த்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

அப்டேட்: ஆரணில இருந்து ஒருத்தர் மார்க்கே தெரியலன்னு கேட்டிருந்தாரு. பழைய வண்டில அழுக்கு புடிச்சிருக்கும், துணில கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு ஓட்டை வழியாவே தொடைச்சு, டி கோட்டுல ஒயிட்னர் துளி வைங்க, அடுத்த தடவைக்கும் உதவும்.

இன்னொரு அப்டேட்: குடியாத்தம் தம்பி ஒருத்தர், "ண்ணா நீங்க சொன்ன மாதிரியே பண்ணேன், சத்தம் முன்னவிட ஜாஸ்தியாயிடுச்சு"ன்னு போட்டிருந்தாரு. தம்பி, அது அந்த ரெண்டாவது டிதான். வால்வு தொறந்திருக்கும்போது கேப் வெச்சிருக்கீங்க, அதனால மூடினப்புறம் கேப் ரொம்பப் பெருசாயிடுச்சு. பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா அப்படியே ஓட்டாதீங்க. நாளைக்குக் காலைல இஞ்சின் ஆறினதும் ஒரு முழு சுத்து தள்ளி, ராக்கரைப் பார்த்துட்டு மறுபடியும் செட் பண்ணுங்க. செட் பண்ணியும் மொத ஸ்டார்ட்ல கிக்கர் ரொம்ப லேசா போச்சுன்னா டைட்டாயிருக்குன்னு அர்த்தம், அப்பவும் ஓட்டாம திரும்பத் தொறங்க.