மெயில் சர்வரில் உள்வரும் இணைப்புகள் தாமதமாகும்போது

வெளியிலிருந்து வரும் இணைப்புகள் உங்கள் மெயில் சர்வரில் தாமதமானால், எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன், தாமதம் எந்தக் கட்டத்தில் நேர்கிறது என்பதை அளந்துகொள்ளுங்கள். வேறொரு நெட்வொர்க்கில் உள்ள கணினியிலிருந்து மெயில் ஏற்கும் 25ஆம் போர்ட்டுக்கு டெல்நெட் என்ற கட்டளை வழியாக இணைந்து, இணைப்பு ஏற்கப்படும் நேரத்தையும், 220 என்று தொடங்கும் சர்வரின் வரவேற்பு வரி வந்துசேரும் நேரத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். சர்வருக்குள்ளிருந்தே சோதிப்பது ஏமாற்றிவிடும், 127.0.0.1 முகவரிக்குரிய பெயர் ஹோஸ்ட்ஸ் கோப்பிலேயே இருப்பதால், பெயர்களையும் ஐ.பி. முகவரிகளையும் பொருத்தித் தரும் டி.என்.எஸ். பழுதாகியிருந்தாலும் பதில் உடனே வந்துவிடும்.

இணைப்பு ஏற்கப்படுவதற்கே 1 அல்லது 3 விநாடி பிடித்தால், தொடக்கப் பாக்கெட் வழியில் தொலைந்து மீண்டும் அனுப்பப்படுகிறது என்று கொண்டு, ஃபயர்வாலையும் நெட்வொர்க்கையும் ஆராயுங்கள்.

இணைப்பு உடனே கிடைத்து, 220 மட்டும் 5 அல்லது 10 விநாடி கழித்து வருமானால், முதலில் ஐயப்பட வேண்டியது டி.என்.எஸ். தேடலைத்தான். பெரும்பாலான மெயில் சர்வர்கள், இணைபவரின் ஐ.பி. முகவரிக்குரிய பெயரைத் தேடிய பிறகே அந்த வரியை அனுப்புகின்றன. லினக்ஸில் ஒரு நேம்சர்வரின் (டி.என்.எஸ். தேடலுக்குப் பதில் தரும் சர்வரின்) பதிலுக்காகக் காத்திருக்கும் இயல்பான கால அளவு 5 விநாடி என்பதால், ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் முதலாவதாகக் குறிக்கப்பட்ட நேம்சர்வர் செயலிழந்திருந்தாலே ஒவ்வொரு தேடலும் அத்தனை நேரம் முடங்கிவிடும். அதிலுள்ள ஒவ்வொரு முகவரியையும் டி.என்.எஸ். வினவல் அனுப்பும் டிக் (dig) கட்டளையால் தனித்தனியே வினவி, பதில் தராததை நீக்குங்கள். அன்பவுண்ட் போன்ற ரிசால்வரை (டி.என்.எஸ். தேடலைச் செய்து தரும் மென்பொருளை) மெயில் சர்வரிலேயே நிறுவிக்கொள்வதை நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். ஸ்பாம் அனுப்பும் முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் இலவசத் தடைப்பட்டியல் சேவை, பொது ரிசால்வர்கள் வழியே வரும் வினவல்களை ஏற்பதில்லை என்பது அதற்கு இன்னொரு காரணம்.

சென்ட்மெயில் என்ற மெயில் சர்வர் மென்பொருளைப் பயன்படுத்துவோர், இணைபவர் யார் என்று கேட்டு அவருடைய 113ஆம் போர்ட்டுக்குச் செல்லும் ஐடென்ட் வினவலையும் கவனிக்க வேண்டும். எதிர்முனை ஃபயர்வால் மறுப்புகூடச் சொல்லாமல் அதை விழுங்கிவிட்டால் 5 விநாடி வீணாகும். அதன் கால அளவை 0 ஆக்கினால் வினவலே நின்றுவிடும்.

இன்னொரு மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில், ஸ்பாமை வடிகட்டும் போஸ்ட்ஸ்கிரீன் என்ற பகுதி இயங்கினால், 220 என்ற எண்ணையடுத்துச் சிறு கோடு கொண்ட (220-) வரி உடனே வந்து, அடுத்த வரி 6 விநாடி கழித்து வரும். இது ஸ்பாம் நிரல்களை இனங்காண வேண்டுமென்றே வைக்கப்பட்ட காத்திருப்பு, பழுது அன்று.

220 வந்தபின், பெறுநர் முகவரியைத் தரும் கட்டத்தில் தாமதமானால், சேவையை நிறுத்திவிட்ட தடைப்பட்டியல் ஏதேனும் அமைப்பில் எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள்.

போஸ்ட்ஃபிக்ஸ் ஒரே நேரத்தில் இயக்கும் எஸ்.எம்.டி.பி. பிராசஸ்களின் (மெயில் இணைப்புகளைக் கையாளும் நிரல் இயக்கங்களின்) இயல்பான உச்சவரம்பு 100. அது எட்டப்பட்டதாக லாக் எச்சரித்தால், வரம்பை உடனே உயர்த்தத் தோன்றும். ஆனால் பதில் வராத ஒவ்வொரு டி.என்.எஸ். தேடலும் ஒரு பிராசஸைப் பிடித்துவைத்திருப்பதால், தேடலைச் சரிசெய்து மீண்டும் அளந்த பிறகும் எச்சரிக்கை நீடித்தால் மட்டுமே, சர்வரின் நினைவகத்தைக் கணக்கிட்டு வரம்பை உயர்த்துங்கள்.